ரைக்ஸ்டாக்கில் ரிக்டரின் படங்களைப் பார்ப்பது எப்படி

பேர்லினுக்கு வரும் எங்கள் ஆட்கள் யாரும் ஜேர்மன் பாராளுமன்றம் கூடும் ரைக்ஸ்டாக் கட்டடத்தைத் தவறவிடுவதில்லை. உச்சியில் இருக்கும் கண்ணாடிக் குவிமாடத்தில் சுற்றிச் சுற்றி ஏறுவார்கள், நாலு திசையும் படம் எடுப்பார்கள், இறங்கி வந்து வாசலில் குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். லிஃப்டுக்குப் போகும் வழியில் மேற்கு வாசல் மண்டபத்தைக் கடந்திருப்பார்கள். அங்கே சுவரில் என்ன இருந்தது என்று கேட்டால், "ஓம், பெரிய கொடி ஒன்று" என்பார்கள். எதிர்ச் சுவரில்? "ஏதோ சாயம் அப்பிய படங்கள்."

அந்தக் கொடியும் அந்தச் சாயம் அப்பிய நான்கு படங்களும் ஒரே மனிதருடையவை. ஜேர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர், 1932இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். முதலாவது 1999இல் சுவரேறியது, மற்றவை 2017இல். உருவமே இல்லாத ஓவியங்களைப் பாராளுமன்றத்தின் வாசலிலேயே ஒரு நாடு மாட்டி வைத்திருக்கிறது என்றால், நின்று பார்க்க ஏதோ இருக்கத்தான் வேண்டும். மருமக்கள், பெறாமக்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலரைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய் எனக்கென்று படிந்துவிட்ட முறையைக் கீழே சொல்கிறேன்.

நான் ஓவியம் படித்தவன் அல்லன். எண்பதுகளின் நடுவில் வந்த எங்களில் பலரைப் போல, கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வழியாக மேற்குக்கு வந்தவன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை கண்ணாடி துடைத்தேன். கடைக் கண்ணாடி, அலுவலகக் கண்ணாடி, மாடிப்படி ஓரமாக நாலு மாடி உயரத்துக்கு நிற்கும் கண்ணாடி. ரிக்டரின் படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த வேலையில் கற்றது. ஏன் என்று பின்னால் வருகிறது.

அனுமதி எடுப்பது

உள்ளே போகக் காசு இல்லை. ஆனால் முன்பதிவு வேண்டும். பாராளுமன்றத்தின் இணையதளத்தில் வருகிற ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துப் பதிய வேண்டும். கடவுச்சீட்டில் இருப்பது போலவே பெயரை எழுதுங்கள். எங்கள் பெயர்களில் எது முதற்பெயர், எது அப்பாவின் பெயர் என்று வாசலில் நின்று விளக்கம் சொல்லும் வேலை வேண்டாம். கடவுச்சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். தொலைபேசியில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். கோடைக்காலத்தில் இடம் விரைவாக நிரம்பிவிடும், ஆகவே விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் பதிந்துவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்காகக் கட்டடத்துக்கு அருகிலேயே ஒரு பதிவு மையம் இருக்கிறது. அங்கே இடம் மிஞ்சியிருந்தால் கிடைக்கும்.

பதியும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. குவிமாடத்துக்கு மட்டும் போவது ஒரு வகை, வழிகாட்டியோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பது இன்னொரு வகை. குவிமாட டிக்கெட்டோடு போனால் மேற்கு மண்டபத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். குழுவாகச் சேர்த்து லிஃப்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் வழிகாட்டியோடு போகும் சுற்றுகளைத் தேடுங்கள். கலையையும் கட்டடத்தையும் பற்றியே பேசும் சுற்றும் உண்டு, பெரும்பாலும் வார இறுதியில் வைப்பார்கள். எந்த மொழியில் என்பதைப் பதியும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். ஜேர்மன் தெரியாவிட்டாலும் அதில் போகலாம் என்பதுதான் என் கருத்து. படத்துக்கு முன்னால் நிற்கும் நேரம்தான் உங்களுக்கு வேண்டியது, பேச்சு இரண்டாம்பட்சம்.

சுரங்க ரயில் 5ஆம் இலக்கத்தில் புன்டஸ்டாக் நிலையத்தில் இறங்கலாம். நான் 100ஆம் இலக்க மாடி பஸ்ஸில் மேல்தட்டில்தான் கூட்டிக்கொண்டு போவேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

உள்ளே போகும் முன் வெளியே கால் மணி நேரம்

அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்தான் இருக்கும். இங்கே படத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கட்டடம். ஆகவே முதலில் கட்டடத்தைப் பாருங்கள்.

பவுல் வாலொட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1884இல் அடிக்கல், 1894இல் முடிந்தது. முகப்பில் தூண்களுக்கு மேலே "ஜேர்மன் மக்களுக்கு" என்ற எழுத்துகள் தெரியும். கட்டடம் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. முதலாம் உலகப் போரின் நடுவில், 1916இல்தான் எழுத்துகள் ஏறின. நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தவை அவை. வார்த்துக் கொடுத்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் பட்டறை. பின்னர் நாசிகள் காலத்தில் அந்தக் குடும்பத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். "ஜேர்மன் மக்களுக்கு" என்று வார்த்தவர்களையே அந்த மக்களில் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் போதும், மற்றதை ரிக்டர் பார்த்துக்கொள்வார்.

கட்டடத்துக்கு முன்னால், தென்மேற்கு மூலைப் பக்கம், கரிய தகடுகள் செங்குத்தாக வரிசையில் நிற்கும். நாசிகளால் கொல்லப்பட்ட 96 பாராளுமன்ற உறுப்பினர்களுக்கான நினைவுச்சின்னம். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ஒரு பெயர். சைக்கிளைச் சாய்த்து வைக்கும் இடம் என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் உண்டு, குனிந்தால்தான் எழுத்துத் தெரியும். பிறகு கல் சுவரைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் ஒட்டுப் போட்டது போலச் சில இடங்கள் தெரியும். 1945இல் சோவியத் படை பிடித்தபோது விழுந்த குண்டுக் காயங்களை அடைத்த கல் அது. அதற்கு முன் 1933 பெப்ரவரியில் உள்ளே தீ வைக்கப்பட்டு சபை மண்டபம் எரிந்திருந்தது.

நான் வந்த காலத்தில் இந்தக் கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தை ஒட்டி, பேர்லினை இரண்டாகப் பிரித்த மதில் ஓடியது. உள்ளே ஜேர்மன் வரலாறு பற்றிய கண்காட்சி ஒன்று இருந்தது, முன்னால் இருந்த பெரிய புல்வெளியில் துருக்கிக் குடும்பங்கள் இறைச்சி வாட்டும், பையன்கள் பந்து அடிப்பார்கள். 1995 கோடையில் கிறிஸ்டோ, ஜான்-க்ளோட் என்ற கலைஞர் தம்பதி முழுக் கட்டடத்தையும் வெள்ளி நிறத் துணியால் மூடிக் கட்டினார்கள். ஒரு லட்சம் சதுர மீட்டர் துணி. இரண்டு வாரம் அப்படியே இருந்தது, ஊரே திரண்டு வந்து பார்த்தது. வேலை முடிந்து வரும் வழியில் நானும் போய் நின்றேன். பார்த்துச் சலித்த ஒரு பொருளை மூடிவிட்டால் கண் புதிதாகத் தேடத் தொடங்கும் என்பதை அன்றுதான் கண்டேன். அதன் பிறகு கட்டடக் கலைஞர் நோர்மன் ஃபொஸ்டர் உள்ளே புதுப்பித்தார், 1999 ஏப்ரலில் பாராளுமன்றம் இங்கே கூடியது.

கண்ணாடியின் முன்

சோதனை முடிந்து மேற்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் நேரே பார்ப்பார்கள். கண்ணாடிக்கு அப்பால் சபை மண்டபமும் நீல நாற்காலிகளும் அந்தப் பெரிய கழுகும் தெரிவதால் அப்படி. கழுகு நன்றாகத்தான் இருக்கிறது, முன்பு பாராளுமன்றம் இருந்த பொன் (Bonn) நகரில் இருந்த அதன் முன்னோடியைக் "கொழுத்த கோழி" என்று ஜேர்மனியர்களே கேலி செய்வார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் பக்கச் சுவர்களைப் பாருங்கள். ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரச் சுவர்கள்.

ஒரு சுவரில் கறுப்பு, சிவப்பு, பொன். நிறமேற்றிய கண்ணாடிப் பலகைகள் ஆறு, ஒரு நிறத்துக்கு இரண்டு வீதம். மொத்த உயரம் இருபது மீட்டருக்கு மேல், அகலம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிறங்கள் கொடியின் நிறங்கள்தான், மேலிருந்து கீழாக வரும் ஒழுங்கும் அதுவேதான். ஆனால் கொடி அகலமாக இருக்கும், துணியாக இருக்கும், காற்றில் அசையும். இது நெட்டுக்குத்தாக, கடினமாக, அசையாமல் நிற்கிறது. கொடியின் பெருமிதத்தை எல்லாம் கழற்றிவிட்டு நிறத்தை மட்டும் விட்டுவைத்தது போல.

இதைப் பார்ப்பதற்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. பெரிய கண்ணாடியைப் பார்க்கத் தெரிந்தால் போதும். நேர் எதிரே நின்று பார்க்காதீர்கள். சுவரோடு ஒட்டிய பக்கமாகப் போய், கண்ணைக் கண்ணாடியின் பரப்பு வழியே ஓட விடுங்கள். கண்ணாடி சுத்தமாகிவிட்டதா என்று நாங்கள் பார்ப்பது அப்படித்தான். நேரே பார்த்தால் கண்ணாடி தன்னைக் காட்டாது, சாய்ந்து பார்த்தால்தான் வெளிச்சம் எங்கே வழுக்குகிறது, எங்கே மங்குகிறது என்று தெரியும். நிறம் ஒன்றுதான், ஆனால் பலகையின் ஒரு முனையில் இருக்கும் சிவப்பு மறுமுனையில் இல்லை. கறுப்பு, மேலே இருக்கும் வெளிச்சத்தை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசல் மேற்கு நோக்கியது என்பதால் பின்னேரம் வருவதையே நான் விரும்புவேன். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், அப்போது விளக்கு வெளிச்சம்தான்.

பலகைகள் சேரும் இடத்தையும் தேடுங்கள். அந்தக் கோடுகளைக் கண்டதும் அளவு புரியும். ஒவ்வொரு பலகையும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமானது. அந்த அளவுக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்துவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தவனுக்குத் தொண்டை வறளும்.

நிறத்தை மட்டும் எடுத்து வைத்து ஓவியம் என்பது ரிக்டருக்குப் புதிதல்ல. பெயின்ட் கடையில் நிறம் தெரிவு செய்யக் கொடுக்கும் அட்டையைப் பார்த்து 1966இலேயே அப்படி வரையத் தொடங்கினார். கொலோன் பேராலயத்தில் 2007இல் அவர் செய்த ஜன்னலில் 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சதுரக் கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. ஒரு புனிதர்கூடக் கிடையாது.

ஆனால் இந்த மண்டபத்துக்கு அவர் முதலில் யோசித்தது நிறங்களை அல்ல. வதைமுகாம் புகைப்படங்களை. அவற்றைச் சேர்த்து, இந்தச் சுவரில் எப்படி அமையும் என்று வரைந்தும் பார்த்தார். பிறகு கைவிட்டார். கைவிட்ட இடத்தில் வந்து நின்றவைதான் இந்த மூன்று நிறங்கள். இதைத் தெரிந்துகொண்டு இனி எதிர்ச் சுவருக்குத் திரும்புங்கள்.

நான்கு படங்களின் முன்

இங்கே என் முறை தலைகீழாகிறது. உருவமற்ற ஓவியத்தை எதுவும் வாசிக்காமல் வெறும் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கண்ணாடிக்கு அது சரி. "பிர்கனாவ்" என்ற இந்த நான்குக்கும் அது சரிவராது. வரும் முன்பே கதையைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

1944 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸ்-பிர்கனாவ் முகாமில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயமாக நிறுத்தப்பட்டிருந்த யூதக் கைதிகள் ஒளித்து வைத்திருந்த கமராவால் நான்கு படங்கள் எடுத்தார்கள். இரண்டில், திறந்த வெளியில் உடல்கள் எரிகின்றன. ஒன்றில், உடையற்ற பெண்கள் மரங்களுக்கிடையே விரட்டப்படுகிறார்கள். நான்காவதில் மரக்கிளைகளும் வானமும் மட்டும். அவசரத்தில் கை எங்கோ திரும்பியிருக்கிறது. பிலிம் சுருள் ஒரு பற்பசைக் குழாய்க்குள் வைத்து முகாமுக்கு வெளியே கடத்தப்பட்டது. அந்த முகாமில் நடந்த கொலையை உள்ளிருந்து கொல்லப்படுகிறவர்களே எடுத்துக் காட்டிய படங்கள் இவை நான்குதான்.

2014இல் ரிக்டர் இந்த நான்கையும் நான்கு பெரிய கித்தான்களில், ஒவ்வொன்றும் 260க்கு 200 சென்டிமீட்டர், கோடுகளாக வரைந்தார். அதன் மேல் உருவம் தெரியத் தீட்டத் தொடங்கினார். சரிவரவில்லை. பிறகு அதன் மேலேயே சாயத்தை அப்பி இழுத்தார், காயவிட்டார், சுரண்டினார், மீண்டும் இழுத்தார். வரைந்தது முழுவதும் மறைந்துபோகும்வரை. அடுத்த ஆண்டு டிரெஸ்டனில் முதன்முதலில் காட்டியபோது படங்களுக்கு "உருவமற்ற ஓவியங்கள்" என்ற பெயர் மட்டும்தான் இருந்தது. "பிர்கனாவ்" என்ற பெயர் பின்னால் சேர்ந்தது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ரிக்டர் சாயத்தை இழுப்பது தூரிகையால் அல்ல, ஒரு நீளப் பட்டையால். நாங்கள் கண்ணாடியில் தண்ணீர் வழிக்கும் ரப்பர் பட்டைக்கு அண்ணன் முறை. அவருடையது ஆள் உயரத்துக்கும் இருக்கும். அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் படத்தை வாசிக்கலாம். பட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இரு முனையிலும் ஒரே அழுத்தம் வேண்டும், ஒரு முனை தளர்ந்தால் அந்தப் பக்கத்தில் நீர்க்கோடு விழும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கம்பி போல ஒரு வரி நிற்கும். கையை எடுக்கும் இடத்தில் சொட்டுச் சேரும், அதை விரலில் சுற்றிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். என் வேலையில் இவை எல்லாம் பிழை. மேற்பார்வையாளர் வந்து விரலை நீட்டுவார். ரிக்டரின் படத்தில் இவை எல்லாம் அப்படியே நிற்கின்றன. அவற்றைத்தான் தேட வேண்டும்.

ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை எங்கிருந்து கிளம்பியது? எந்தப் பக்கம் போனது? எங்கே தயங்கி நின்றது? நின்ற இடங்களில் குறுக்கே ஓர் அடையாளம் இருக்கும். ஈரச் சாயம், கீழே பாதி காய்ந்த சாயத்தின் மேல் ஓடும்போது முழுதாக மூடாது, கிழிந்து கிழிந்து போகும். அந்தக் கிழிசல்களின் வழியே அடியில் உள்ள படை தெரியும். தூரத்தில் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரிகிற பரப்பில், பக்கத்தில் போனால் பச்சை இருக்கும், இரத்தச் சிவப்பு இருக்கும். அவை மேலே தெளித்தவை போலத் தோன்றும். பல இடங்களில் கீழே இருந்தவை மேலே எட்டிப் பார்க்கின்றன. ஒரு படத்தில் இவ்வளவையும் பார்த்துவிட்டு மற்ற மூன்றுக்கும் போங்கள். நான்கையும் ஒரே மூச்சில் பார்த்தால் நான்கும் ஒன்றாகவே தெரியும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. உள்ளே முகம் தெரிகிறதா, மரம் தெரிகிறதா என்று தேடாதீர்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த என் பெறாமகள் அப்படித்தான் தேடினாள்.

"சித்தப்பா, இந்த மூலையில் ஒரு பெண் நிற்கிற மாதிரி இருக்கிறது."

"இல்லை பிள்ளை. தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தால் அவர் மூடியிருக்கமாட்டார்."

"அப்படியென்றால் எதற்கு முதலில் வரைந்தார்? வெறும் கித்தானிலேயே சாயத்தை இழுத்திருக்கலாமே?"

நல்ல கேள்வி. ஓவிய விமர்சகர்களும் இதைத்தான் வேறு சொற்களில் கேட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். உயிரைக் கொடுத்து எடுத்த சாட்சியத்தைச் சாயத்தால் மூடுவது சரியா என்று ஒரு பக்கம். பெயரை எடுத்துவிட்டால் இது வெறும் அழகான படம்தானே என்று இன்னொரு பக்கம். இரண்டாவது வாதத்தில் எனக்கு உண்மை தெரிகிறது. பெயரும் கதையும் இல்லாமல் இந்தப் படங்கள் பாதிதான் பேசும், அதனால்தான் வாசித்துவிட்டு வாருங்கள் என்கிறேன். முதலாவதை நான் ஏற்கவில்லை. அந்த நான்கு புகைப்படங்களும் ஒழிந்துபோகவில்லை, யாரும் தேடிப் பார்க்கலாம். அவற்றைப் பெரிதாக்கி, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் முதுகுப்பையோடு குவிமாடத்துக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வாரத்தில் அவையும் சுவராகியிருக்கும். அந்தப் பெண்களை இன்னொரு தடவை விரட்டி நிறுத்தியது போலவும் ஆகியிருக்கும். எங்கள் வீட்டிலும் சில படங்கள் அலுமாரிக்குள்தான் இருக்கின்றன. சுவரில் மாட்டவில்லை, எறியவும் இல்லை. வருகிற விருந்தாளிக்கு எடுத்துக் காட்டுவதும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் எந்தத் தட்டில் என்று தெரியும். பெறாமகளுக்கு இதைச் சொன்னதும் அவள் தேடுவதை நிறுத்தினாள்.

இன்னொரு விவரம். இந்தச் சுவரில் இருப்பவை எண்ணெய்ச் சாயம் பூசிய மூலப் படங்கள் அல்ல, அவற்றின் அதே அளவான புகைப்படப் பிரதிகள். ரிக்டரே செய்து பாராளுமன்றத்துக்குக் கொடுத்தவை. பக்கவாட்டில் நின்று சாயத்தின் தடிப்பைத் தேடினால் கிடைக்காது, பரப்பு தட்டையாக இருக்கும். பிரதிதானே என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். புகைப்படமாக இருந்தது ஓவியமாகி, மறுபடி புகைப்படமாகி இங்கே வந்திருக்கிறது. கண்ணாடி ஒரு பக்கம், பிரதி மறுபக்கம். சொந்தக் கைரேகை எதையும் இந்த மண்டபத்தில் விடக்கூடாது என்று அந்த மனிதர் நினைத்தது போல எனக்குத் தோன்றும்.

கடைசியாக மண்டபத்தின் நடுவில் வந்து நில்லுங்கள். ஒரு பக்கம் நாட்டின் நிறங்கள், மறுபக்கம் அந்த நாடு செய்தது. பாராளுமன்றத்துக்குள் இந்த வாசலால் வருகிறவர்கள் இரண்டுக்கும் நடுவால்தான் நடக்க வேண்டும். சபாநாயகராக இருந்த நோர்பர்ட் லாமர்ட் 2017 செப்டெம்பரில் இந்தப் படங்களைத் திறந்து வைத்தார். அந்த மாதமே பொதுத் தேர்தல் நடந்தது.

சுற்றில் வழியில் கிடைப்பவை

வழிகாட்டியோடு போனால் வேறு பலவும் கண்ணில் படும். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மிஞ்சாது. பாசலிட்ஸின் பெரிய படங்களையும் ஜெனி ஹோல்சரின் எழுத்து ஓடும் தூணையும் எட்டிப் பார்த்தால் போதும். உருவமற்ற ஓவியம் இன்னும் வேண்டும் என்றால் கொட்ஹார்ட் கிராவுப்னரின் தலையணைப் படத்தைக் காட்ட முடியுமா என்று வழிகாட்டியைக் கேளுங்கள். கித்தானுக்குள் பஞ்சு வைத்து உப்பவைத்து, அதில் நிறத்தை ஊறவிட்டவர் அவர். எல்லா அறைக்கும் விடமாட்டார்கள், கேட்பதில் நட்டமில்லை.

இரண்டை மட்டும் விடாதீர்கள். 1945இல் சோவியத் படையினர் கரியாலும் சுண்ணக்கட்டியாலும் சுவரில் கிறுக்கிய ரஷ்ய எழுத்துகளைப் புதுப்பிக்கும்போது அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை வெறும் பெயர்கள், ஊர்கள். அழிக்க வேண்டும் என்று பின்னர் சில உறுப்பினர்கள் முயன்றார்கள், நடக்கவில்லை. பிர்கனாவ் படங்களைப் பார்த்துவிட்டு வந்து இதைப் பார்த்தால் ஒன்று உறைக்கும். இங்கே மேல் பூச்சை நீக்கிக் கீழே இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள், அங்கே நேர்மாறு.

இரண்டாவது, வடக்கு முற்றத்தில் ஹன்ஸ் ஹாக்கே செய்தது. பெரிய மரத் தொட்டி, அதன் நடுவில் "மக்கள்தொகைக்கு" என்ற ஒளி எழுத்துகள். முகப்பில் "ஜேர்மன் மக்களுக்கு" என்று இருக்கிறதல்லவா, அதற்குப் பதில் சொல்வது போல. ஜேர்மன் குடியுரிமை இல்லாதவர்களும் இந்த நாட்டில் வாழ்கிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதியிலிருந்து மண் கொண்டுவந்து போட வேண்டும். அந்த மண்ணில் இருந்த விதைகள் தாமாக முளைத்துக் காடாகிக் கிடக்கும், யாரும் களை பிடுங்குவதில்லை. 2000ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் இதற்கு வாக்கெடுப்பு நடந்தது: 260க்கு 258. வந்தேறியாகக் கால் நூற்றாண்டு வரி கட்டிய எனக்கு அந்த இரண்டு வாக்கும் பெரிய வாக்கு.

வெளியே வந்த பிறகு

குவிமாடத்துக்கு ஏறுவதானால் இப்போது ஏறுங்கள். ஓவியங்களைப் பார்க்கும் முன்பே ஏறினால் கால் வலிக்கும், பிள்ளைகள் பசி என்பார்கள், படங்களுக்கு முன்னால் நிற்கப் பொறுமை இருக்காது.

இறங்கியதும் தெற்குப் பக்கமாக வீதியைக் கடந்தால் மரங்களுக்குள் சிந்தி, ரோமா மக்களுக்கான நினைவிடம். டானி கரவான் அமைத்தது, 2012இல் திறந்தது. வட்டமான கரிய நீர்த்தடாகம், நடுவில் முக்கோணக் கல், கல்லின் மேல் நாள்தோறும் மாற்றும் ஒரு பூ. நுழைவுச் சீட்டு இல்லை, வரிசை இல்லை. பத்து நிமிடம் உட்காரலாம். அங்கிருந்து பிரண்டன்பேர்க் வாசலைத் தாண்டி, 2,711 கொங்கிரீட் கற்கள் நிற்கும் யூதப் படுகொலை நினைவிடத்தையும் கடந்து, பொட்ஸ்டாம் சதுக்கம் வழியாக நடந்தால் புதிய தேசியக் கலைக்கூடம் வரும். மீஸ் வான் டெர் ரோஹே கட்டிய கறுப்பு இரும்புக் கூரைக் கட்டடம். ரிக்டரின் பெயரில் உள்ள கலை அறக்கட்டளை நீண்டகாலக் கடனாகக் கொடுத்த நூறு படைப்புகளோடு "பிர்கனாவ்" மூலப் படங்கள் அங்கேதான் வந்து சேர்ந்தன. எதிரே நான்கு சாம்பல் நிறக் கண்ணாடிகளையும் வைத்திருந்தார்கள், பார்க்கிறவர்களும் அதில் தெரிவார்கள். நீங்கள் போகும் நாளில் அவை சுவரில் இருக்கின்றனவா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள், காட்சிகள் மாறும்.

அங்கே மட்டும் நான் ரைக்ஸ்டாக்கில் தேட வேண்டாம் என்று சொன்ன தடிப்பைத் தேடுங்கள். கோட்டையும் பையையும் கீழே பாதுகாப்பறையில் கொடுத்துவிட்டு, காவலர் முறைக்காத தூரத்தில் பக்கவாட்டில் நின்று, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பாருங்கள். பட்டை நின்ற இடங்களில் சாயம் வரப்பாக எழுந்து நிற்கும், சுரண்டிய இடங்களில் கித்தானின் இழைவரை போயிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் காலையில் கலைக்கூடம், பின்னேரம் ரைக்ஸ்டாக் என்று மாற்றியும் வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், கலைக்கூடம் பூட்டு.